ஒரு கிராம்கூடப் பிடிபடாத வழக்கு

போன மாதம் அலுவலகத்துக்கு வந்த ஒரு அம்மா, எஃப்.ஐ.ஆர். நகலை மேசைமேல் வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "என் பையன்கிட்ட ஒண்ணுமே பிடிபடலையே வக்கீலம்மா, அப்புறம் எப்படி கஞ்சா கேஸ் ஆகும்?" சரக்கு பிடிபட்டது வேறொரு பையனிடம். அவன் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தில் இவன் பெயர் இருக்கிறது. அவ்வளவுதான் வழக்கு.

கிரிமினல் பக்கம் பிராக்டீஸ் செய்யும் யாருக்கும் இந்தக் கேள்வி பழகிப்போனது. பொருள் பிடிபடவில்லை என்றால் வழக்கே கிடையாது என்று மக்கள் நம்புகிறார்கள். பொருள் இல்லாமலும் வழக்கு வரும். சதி என்ற ஒரு சொல் போதும். அப்படி வந்த வழக்கு எங்கே நிற்கும், எங்கே விழும், விழுவதற்குள் எத்தனை வருடம் ஓடிவிடும் என்று சொல்வதற்கு நான் அடிக்கடி எடுப்பது நம் ஊர் வழக்கை அல்ல. பிலிப்பைன்ஸில் லெய்லா டி லிமா மீது போடப்பட்ட மூன்று போதைப்பொருள் வழக்குகளைத்தான். வக்கீல், மனித உரிமை ஆணையத் தலைவர், நீதித்துறை அமைச்சர், செனட்டர், விசாரணைக் கைதி என்று நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள அத்தனை நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்தவர் அவர்.

டி லிமா பிகோல் பகுதியில் உள்ள இரிகா நகரத்துக்காரர். 1959-இல் பிறந்தார். அப்பா தேர்தல் ஆணையத்தில் ஆணையராக இருந்தவர். மகளும் சான் பேடா கல்லூரியில் சட்டம் படித்து, 1985-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தேர்வில் நாடு முழுக்க எட்டாவது இடம் பிடித்து, தேர்தல் வழக்குகளையே தொழிலாக எடுத்துக்கொண்டார். 2007 செனட் தேர்தலில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட கோகோ பிமென்டலுக்காக வாதாடியவர்களில் இவரும் ஒருவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2008-இல் மனித உரிமை ஆணையத்தின் தலைவர் பொறுப்பு வந்தது. அங்கேயும் ஆணையத்துக்கு விசாரிக்கத்தான் அதிகாரம். வழக்குப் போடவோ தீர்ப்புச் சொல்லவோ முடியாது. பல் இல்லாத பதவி என்று சும்மா இருந்திருக்கலாம். இவர் 2009-இல் டாவோ நகரத்துக்கே போய்ப் பொது விசாரணை நடத்தினார். தெருவில் சிறு திருடர்களையும் போதைப் பழக்கம் உள்ளவர்களையும் சுட்டும் குத்தியும் கொல்கிற ஒரு கும்பல் இருக்கிறது, அதற்கு நகர நிர்வாகத்தின் ஆசி இருக்கிறது என்பது புகார். மேயரையே அழைத்துக் கேள்வி கேட்டார். அந்த மேயர் ரோட்ரிகோ டுட்டெர்டே. தான் மேயராக இருக்கும் ஊரில், எல்லோரும் பார்க்க, ஒரு பெண் அதிகாரி தன்னைக் கேள்வி கேட்டதை அவர் மறக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஒரு கல்குவாரியைச் சோதனை போட்டபோது மனித எலும்புகள் கிடைத்தன. சோதனை வாரன்ட்டை மணிலா நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வாரன்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2014 நவம்பர் ஆகிவிட்டது. ஐந்து வருடத்தில் எந்த சாட்சி ஊரில் இருப்பான்?

2010-இல் அதிபர் பெனிக்னோ அகினோ இவரை நீதித்துறை அமைச்சராக்கினார். அரசு வக்கீல்கள், புலனாய்வுப் பிரிவு, சிறைத்துறை எல்லாம் இவர் கையில் வந்தன. இங்கேதான் எனக்கு இவர்மேல் ஒரு மனத்தாங்கல்.

2011 நவம்பர் 15. முன்னாள் அதிபர் குளோரியா அரோயோ மருத்துவ சிகிச்சைக்காக வெளிநாடு போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பயணத் தடைக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்று இரவே கழுத்துப் பட்டையோடு, சக்கர நாற்காலியில் மணிலா விமான நிலையத்துக்கு வந்தவரை குடிவரவு அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். உத்தரவு டி லிமாவுடையது. நீதிமன்ற உத்தரவின் நகல் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை என்பதுதான் அமைச்சகத்தின் பதில். நகல் வரவில்லை என்று சொல்லும் அதிகாரிகளோடு தினமும் மல்லுக்கட்டும் எனக்கு இந்தப் பதிலைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அரோயோ மீது ஊழல் புகார்கள் இருந்தன, ஓடிவிடுவார் என்ற பயம் நியாயமானது, எல்லாம் சரி. ஆனால் அந்தத் தடைக்கு அடிப்படை, அமைச்சகம் தானாகப் போட்டுக்கொண்ட 41-ஆம் எண் சுற்றறிக்கை. சட்டம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. அந்தச் சுற்றறிக்கை அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. அப்போது டி லிமா சிறையில் இருந்தார்.

2014 டிசம்பரில் முண்டின்லூபாவில் இருக்கும் நியூ பிலிபிட் சிறையில் திடீர்ச் சோதனை நடத்தினார். உள்ளே இருந்ததைப் பார்த்து நாடே வாய் பிளந்தது. பெரிய போதைக் கும்பல் தலைவர்களுக்கு ஏ.சி. அறைகள், ஜக்குஸி, ஒருவருக்குப் பாட்டுப் பதிவு செய்ய ஸ்டுடியோ. அந்தச் சொகுசுக் கைதிகளை அங்கிருந்து பிடுங்கி வேறு இடத்தில் அடைத்தார்.

2016 மே மாதத் தேர்தலில் செனட்டுக்கு 12 பேரில் கடைசி ஆளாக, ஒரு கோடியே நாற்பத்தோரு லட்சம் வாக்குகளோடு உள்ளே வந்தார். அதே தேர்தலில் டுட்டெர்டே அதிபர். போதைக்கு எதிரான போர் என்ற பெயரில் தெருவில் பிணங்கள் விழ ஆரம்பித்தன. செனட்டின் நீதி மற்றும் மனித உரிமைக் குழுவின் தலைவராக டி லிமா ஆகஸ்டில் விசாரணையைத் தொடங்கினார். டாவோ கும்பலில் தானும் ஒருவன் என்று ஒருவர் செப்டம்பர் 15 அன்று சாட்சி சொன்னார். நான்கே நாளில், செப்டம்பர் 19 அன்று, குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியோ கொண்டுவந்த தீர்மானத்தில் 16 செனட்டர்கள் வாக்களித்து இவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அன்று செனட் தலைவர் நாற்காலியில் இருந்தவர் கோகோ பிமென்டல்.

மறுநாளே கீழவையில் இவருக்கு எதிரான விசாரணை தொடங்கியது. சாட்சிகள் யார்? பிலிபிட் சிறைக் கைதிகள். சிறைக்குள் நடந்த போதை வியாபாரத்தின் பணம் டி லிமாவின் தேர்தல் செலவுக்குப் போனது என்றார்கள். இவரால் சொகுசு அறையை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. குறுக்கு விசாரணைக்கு நிற்கும் எந்த வக்கீலுக்கும் முதல் கேள்வி அங்கேயே கிடைத்துவிடும். கூடவே அவருடைய டிரைவரோடு இருந்த உறவு பற்றி ஆபாசமான கேள்விகள். அந்தரங்க வீடியோ ஒன்றைச் சபையில் போட்டுக் காட்டலாமா என்றுகூட விவாதித்தார்கள். வழக்கில் சத்து இல்லாதபோது பெண்ணின் ஒழுக்கத்தைப் பேசுவது எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

2017 பிப்ரவரி 24 அன்று கைது. மூன்று வழக்குகள். 2002-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்கீழ் முதலில் 'வியாபாரம்' என்று குற்றம் சாட்டினார்கள். பிறகு அது 'வியாபாரம் செய்ய சதி' என்று மாறியது. இந்த மாற்றத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வியாபாரம் என்றால் சரக்கு எது, எவ்வளவு, யார் விற்றார், யார் வாங்கினார் என்று காட்ட வேண்டும். சதி என்றால் பேசி முடிவு செய்தார்கள் என்று ஒருவர் சொன்னால் போதும் என்பது அரசுத் தரப்பு வாதம். சான்றாக வைக்க ஒரு கிராம் சரக்குகூட இல்லை. வழக்கு முழுக்க வாய்தான்.

உயர் அதிகாரிகளை விசாரிக்கத் தனியாக உள்ள சான்டிகன்பயன் நீதிமன்றம்தான் தன் வழக்கை விசாரிக்க முடியும் என்று டி லிமா உச்ச நீதிமன்றம் போனார். 2017 அக்டோபரில் 9-க்கு 6 என்ற கணக்கில் தோற்றார். அந்த ஆறு பேரில் ஒருவரான நீதிபதி அன்டோனியோ கார்பியோ, சமீப காலத்தில் நடந்த மிகப் பெரிய அநீதிகளில் இது ஒன்று என்றே எழுதினார். ஆனால் மாறுபட்ட தீர்ப்பால் சிறைக் கதவு திறக்காது.

கேம்ப் கிராமே என்ற போலீஸ் தலைமையக வளாகத்தில் தடுப்புக்காவல். செல்போன் கிடையாது, கணினி கிடையாது. செனட்டர் பதவி இருந்தது, ஆனால் கூட்டத்துக்குப் போக அனுமதி இல்லை. அறிக்கைகளைக் கையால் எழுதி வெளியே அனுப்பினார். அங்கே திரிந்த பூனைகளுக்குச் சோறு போட்டார். 2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை காலை, உணவு கொண்டுவந்த காவலரைக் குத்திவிட்டு மூன்று கைதிகள் தப்ப முயன்றார்கள். இரண்டு பேரை போலீஸ் சுட்டது. மூன்றாமவன் டி லிமாவின் அறைக்குள் நுழைந்து, கண்ணையும் கையையும் கட்டி, நெஞ்சில் கத்தியை வைத்தான். அவனையும் சுட்டுத்தான் அவரைக் காப்பாற்றினார்கள். அப்போது அவர் மேல் நிரூபிக்கப்பட்ட குற்றம் எதுவும் கிடையாது. விசாரணைக் கைதி, அவ்வளவுதான்.

வழக்குகள் விழுந்த விதத்தைப் பாருங்கள். முதல் வழக்கு 2021 பிப்ரவரியில், அரசுத் தரப்பு சாட்சியம் முடிந்த கையோடு விழுந்தது. நீங்கள் கொண்டுவந்ததையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டாலும் குற்றம் நிற்கவில்லை என்று ஒரு மனு. எங்கள் செஷன்ஸ் கோர்ட்டில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 232-ஆம் பிரிவு என்போம். எதிர்த்தரப்பு வாயே திறக்க வேண்டியதில்லை.

இரண்டாவதில் முக்கிய சாட்சி ரஃபேல் ராகோஸ். சிறைத்துறையின் பொறுப்பு அதிகாரியாக இருந்தவர். 2012 நவம்பரிலும் டிசம்பரிலும் 50 லட்சம் பெசோ வீதம் இரண்டு முறை டி லிமாவின் வீட்டில் கொடுத்ததாகச் சொன்னவர். முதலில் இவரும் குற்றவாளிப் பட்டியலில் இருந்தார். பிறகு பெயர் நீக்கப்பட்டு அரசுத் தரப்பு சாட்சியானார். நாம் அப்ரூவர் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. 2022 ஏப்ரல் 30 அன்று, டுட்டெர்டேயின் பதவிக்காலம் முடியும் தறுவாயில், நான் சொன்னது எதுவும் நடக்கவில்லை, அப்போதைய நீதித்துறை அமைச்சர் மிரட்டிச் சொல்லவைத்தார் என்று சத்தியப் பிரமாணம் கொடுத்தார். அந்த அமைச்சர் மறுத்தார். சரி, எது பொய், எது நிஜம்? பிறழ்சாட்சியை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும், அது நியாயமும்கூட. ஆனால் அந்த ஒருவர் வாயைத் தவிர வேறு தூணே இல்லாத வழக்கில், அவர் எந்த நாளில் பொய் சொன்னார் என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் எதிர்த்தரப்புக்கு இல்லை. சந்தேகம் வந்தால் போதும். 2023 மே 12 அன்று விடுதலை.

மூன்றாவது வழக்கில்தான் ஜாமீன் கேள்வி வந்தது. நம்முடைய போதைப்பொருள் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 37-ஆம் பிரிவு, வணிக அளவு வழக்குகளில், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன் என்கிறது. பிலிப்பைன்ஸில் தலைகீழ். எவ்வளவு பெரிய குற்றச்சாட்டானாலும் சான்று வலுவாக இருக்கிறது என்று அரசுத் தரப்பு காட்டினால்தான் ஜாமீனை மறுக்கலாம் என்று அவர்கள் அரசியலமைப்பே சொல்கிறது. அவ்வளவு நல்ல சட்டம் இருந்தும், நீதிபதிகள் மாறி, சிலர் விலகி, 2023 ஜூனில் ஒருமுறை மறுக்கப்பட்டு, கடைசியில் நவம்பர் 13 அன்று மூன்று லட்சம் பெசோவுக்கு ஜாமீன் கிடைத்தது. உள்ளே இருந்தது ஆறு வருடம், எட்டு மாதம், இருபது நாள். 2024 ஜூனில் அந்த வழக்கும் முதல் வழக்கைப் போலவே அரசுத் தரப்பு சாட்சியத்தோடு முடிந்துபோனது.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, பயந்துவிடுவார். பையனின் பெயர் வந்த வாக்குமூலம் யாரிடம் கொடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்டேன். என்.டி.பி.எஸ். வழக்கில் விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாக எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் துஃபான் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் எதிர்மனுதாரர் தமிழ்நாடு அரசுதான். போன் அழைப்பு விவரம், பணப் பரிமாற்றம் என்று வேறு ஏதாவது பையனைத் தொடுகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று சிறையில் மனுப் போட்டுப் பையனைப் பார்க்கும்போது கேட்கச் சொன்னேன்.

விடுதலை ஆனதும் குடும்பங்கள் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கோர்ட் பக்கமே வரமாட்டார்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்குவதில்லை. டி லிமாவின் இரண்டாவது விடுதலையை 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்து கீழே திருப்பி அனுப்பியது. சாட்சி எதை எதை மாற்றிச் சொன்னார், அதனால் வழக்கின் எந்தப் பகுதி விழுந்தது என்று தீர்ப்பில் விளக்கவில்லை என்பது காரணம். அதே ஆண்டில் அவர் எம்.எல். என்ற கட்சிப் பட்டியல் வழியாகக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டுட்டெர்டே மார்ச் மாதமே கைதாகி, ஹேக் நகரத்தில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார். முண்டின்லூபா நீதிமன்றம் காரணங்களை விரித்து எழுதி மறுபடியும் விடுவித்தது.

அதனால் தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள். வந்ததும் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்காமல், முக்கிய சாட்சியை ஏன் நம்பவில்லை என்று நீதிபதி எழுதியிருக்கும் பத்தியைத் தேடிப் படியுங்கள், அல்லது உங்கள் வக்கீலைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பு வரும் நாளில் கேட்கப்போவது அந்த நகலைத்தான். எங்கள் குமாஸ்தாவுக்கு அதற்கு ஒரு நாள் வேலைகூடக் கிடையாது.