இணையத்தைச் சோதிக்க இன்னொரு வலையமைப்பு: யார் கட்டுவது, யார் பராமரிப்பது?

தரவுக்கு வழி தேர்ந்தெடுக்கும் ரூட்டிங் முறை ஒன்றைப் புதிதாக எழுதியவர் அதை எங்கே ஓட்டிப் பார்ப்பார்? ஊர் உலகமே பயன்படுத்தும் இணையத்தில் கைவைக்க எந்தச் சேவை நிறுவனமும் விடாது. சிமுலேஷனில் எல்லாம் அழகாக ஓடும். நிஜ சுவிட்சிலும் கேபிளிலும் ஏற்றும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

2002-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய பிளானட்லேப் இதற்கு மலிவான ஒரு வழி கண்டது. ஒரு பல்கலைக்கழகம் குறைந்தது 2 கணினிகளைக் கொடுத்தால், உலகெங்கும் உள்ள மற்றவர்களின் கணினிகளில் அதற்கு இடம் கிடைக்கும். கணினிகளின் எண்ணிக்கை 1000-ஐத் தாண்டியது. ஆனால் அவற்றுக்கு நடுவே இருந்தது வழக்கமான இணையம்தான். முகவரி பார்த்துத் தரவை அனுப்பும் ஐபி அடுக்குக்குக் கீழே எதையும் மாற்ற முடியாது. ஆய்வு மாநாடுகளின் கடைசித் தேதி நெருங்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிவார்கள். ஒருவருடைய சுமை இன்னொருவருடைய அளவீட்டைக் கெடுக்கும்.

கம்பி வரை ஆய்வாளர் கையில் இருக்கும் தளம் வேண்டும் என்று 2005-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை முன்வைத்த திட்டம்தான் ஜெனி. 2007 வாக்கில் சொல்லப்பட்ட மதிப்பு சுமார் 35 கோடி டாலர். 2010-இல் கட்டத் தொடங்கி ஐந்தாண்டில் முடிப்பதாகக் கணக்கு. பணத்துக்குக் குறிவைத்தது, தொலைநோக்கி, ஆய்வுக் கப்பல் போன்றவற்றுக்கான பெருங்கருவிக் கட்டுமான நிதி.

சிக்கல் அங்கேதான். அந்த நிதிக்குக் கருத்து வடிவமைப்பு, முதற்கட்ட வடிவமைப்பு, இறுதி வடிவமைப்பு என்று ஒவ்வொரு படியிலும் ஆய்வுக் குழுவின் முன் தேற வேண்டும். வடிவத்தை முதலில் உறுதிசெய்த பிறகே பணம். தொலைநோக்கியின் கண்ணாடி பல பத்தாண்டுகள் நிற்கும், அதற்கு இது பொருந்தும். செர்வருக்கும் சுவிட்சுக்கும் ஆயுள் நான்கைந்து ஆண்டு. 2007-இல் வரைந்ததை 2015-இல் திறந்தால் திறப்பு விழா அன்றே அது பழைய சாமான். மேலும் அந்த நிதி கட்டுமானத்துக்கு மட்டும். ஓட்டும் செலவைக் கணினி அறிவியல் துறை தன் வழக்கமான ஆய்வு மானியத்திலிருந்தே எடுக்க வேண்டும். தளம் பெரிதாக ஆக, அதைப் பயன்படுத்த வேண்டிய ஆய்வாளர்களின் மானியம் சுருங்கும்.

கடைசியில் ஜெனி அந்தப் பெருநிதி வழியே போகவில்லை. 2007-இல் பிபிஎன் டெக்னாலஜீஸ் நிறுவனத்தில் திட்ட அலுவலகம் அமைந்தது. 2008-இல் 29 பல்கலைக்கழக, தொழில்துறைக் குழுக்களுக்கு மூன்றாண்டுகளுக்கு மொத்தம் 1.2 கோடி டாலர் பிரித்துக் கொடுத்து, ஓராண்டுச் சுற்றுகளாக வேலை நடந்தது. ஆண்டுக்கு மூன்று கூட்டங்கள். அங்கே வேலை செய்யும் பொருளைக் காட்ட வேண்டும். கட்டுப்பாட்டு மென்பொருளை மட்டும் ஐந்து அணிகள் ஐந்து விதமாகக் கட்டின. கணக்குத் தணிக்கையாளர் இதை வீண்செலவு என்பார். எங்கள் கருத்தில் திட்டத்தின் புத்திசாலித்தனமான செலவு அதுதான். சுவிட்சை வெளியிலிருந்து மென்பொருளால் இயக்கும் ஓபன்ஃப்ளோ முறை பற்றிய கட்டுரை ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்ததே 2008-இல். 2007-இல் வடிவத்தைப் பூட்டியிருந்தால் அதற்கு இடமே இருந்திருக்காது. பிற்பாடு வளாகங்களில் வைத்த ஜெனி ரேக்குகளின் (செர்வரும் சுவிட்சும் அடுக்கிய அலமாரிகளின்) சுவிட்ச் ஓபன்ஃப்ளோவில்தான் ஓடியது.

இன்ஸ்டாஜெனி வகை ரேக் ஒன்றில் 5 சோதனை செர்வர்கள், 1 கட்டுப்பாட்டு செர்வர், சுவிட்சுகள் இருந்தன. எக்ஸோஜெனி வகை ரேக் இதைவிடப் பெரியது. ஆய்வாளர் தனக்கு வேண்டிய கணினிகளையும் இணைப்புகளையும் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் ஒரு கோப்பாக எழுதி, ஒவ்வொரு ரேக்கின் மேலாண்மை மென்பொருளுக்கும் அனுப்பினார். கிடைத்த பங்குகள் சேர்ந்தது ஒரு ஸ்லைஸ். அதற்குக் காலாவதித் தேதி இருந்தது; நீட்டிக்க மறந்தால் அழிந்துவிடும், உள்ளே இருந்த தரவும் போகும்.

இரண்டு ஊர் ரேக்குகளைக் கோப்பதுதான் தலைவலியாக இருந்தது. ஒரே கம்பியில் ஓடும் போக்குவரத்துகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது விலேன் எண்; ஒவ்வொரு ஸ்லைஸின் இணைப்புக்கும் அப்படி ஓர் எண் தேவைப்பட்டது. அந்த எண்ணுக்கான இடம் 12 பிட். 4096-இல் இரண்டு ஒதுக்கப்பட்டவை, மீதி 4094. கல்லூரி வளாகம் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் ஜெனிக்கு விட்டுக்கொடுத்தது. வளாகம், வட்டார வலையமைப்பு, நாடு தழுவிய கல்வி வலையமைப்பான இன்டர்நெட்2, மறுபடி வட்டாரம், வளாகம் என்று எல்லாத் துண்டிலும் எண் காலியாக இருக்க வேண்டும். நடுவே ஒரு சுவிட்சுக்கு எண்ணை மாற்றத் தெரியாவிட்டால் இரு பக்கமும் ஒரே எண் காலியாக இருந்தாக வேண்டும். நான்கு துண்டு கிடைத்து ஐந்தாவது கிடைக்காவிட்டால் அந்த நான்கையும் விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் விட்டால் யாருமே பயன்படுத்தாத எண்கள் பிடித்து வைக்கப்பட்டு, அடுத்தவருக்கு 'இடமில்லை' என்று பதில் போகும்.

விலேன் இல்லாத இடத்தில், ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து சாதாரண இணையம் வழியே அனுப்பும் ஜிஆர்இ சுரங்கம் போடலாம். ஆனால் வெளி ஐபி தலைப்புக்கு 20 பைட், ஜிஆர்இக்கு 4, உள்ளே வரும் ஈதர்நெட் தலைப்புக்கு 14 என 38 போக, ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவான 1500 பைட்டில் மிஞ்சுவது 1462. மறுமுனை இருக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை கொடுத்தால் பதில் வரும், அது சின்ன பாக்கெட். கோப்பை அனுப்பினால் பெரிய பாக்கெட்டுகள் நுழையாமல் அப்படியே நின்றுவிடும். தன் நெறிமுறையில்தான் பிழை என்று மாணவர் நாள் கணக்கில் நிரலைக் குடைந்துகொண்டிருப்பார். இரு முனையிலும் அந்த உச்ச அளவை (எம்டியு) 1400-க்கு இறக்கினால் கோப்பு போய்விடும்.

பட்ஜெட்டில் அடிக்கடி விடுபடுவது வளாக நெட்வொர்க் பொறியாளரின் நேரம். ரேக்குக்குப் பொது ஐபி முகவரிகள் வேண்டும், ஃபயர்வாலுக்கு வெளியே இடம் வேண்டும், விலேன் பாதை போட வேண்டும். அவருக்குச் சம்பளம் தந்தது பல்கலைக்கழகம், ஜெனி அல்ல. வகுப்பறை வைஃபை விழுந்துவிட்டால் அதைத்தானே அவர் முதலில் பார்ப்பார்?

பிளானட்லேப் 2020-இல் மூடப்பட்டது. 2019-இல் அறிவிக்கப்பட்ட ஃபேப்ரிக் என்ற புதிய சோதனைத்தளத் திட்டத்துக்கு 2 கோடி டாலர். இதில் பாதை நெடுகிலும், கணிப்பை வேகப்படுத்தும் ஜிபியு, எஃப்பிஜிஏ அட்டைகள் கொண்ட ரேக்குகள். கம்பியில்லா ஆய்வுக்கான பாவர் திட்டம் 10 கோடி டாலர், பாதி அரசு, பாதி தொழில்துறை. கம்பியில்லாத் தளத்துக்குக் கருவி வாங்கும் முன்பே அலைவரிசை அனுமதி வேண்டும். சால்ட் லேக் சிட்டியிலும் நியூயார்க்கிலும் அதற்கென்று தனிச் சோதனை மண்டலங்கள் அறிவிக்கப்பட்டன.

சென்னை ஐஐடி தலைமையில் 8 நிறுவனங்கள் 220 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்த 5ஜி சோதனைத்தளம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. ஸ்டார்ட்அப்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் தொடக்கத்தில் இலவசம், மற்றவர்களுக்குக் குறைந்த கட்டணம். கட்டணத்தை ஏற்றினால் சிறியவர்கள் வரமாட்டார்கள். ஏற்றாவிட்டால் பழுதாகும் கருவிக்கும் காலாவதியாகும் மென்பொருள் உரிமத்துக்கும் வேறு எங்கிருந்தாவது பணம் வர வேண்டும்.