போனைக் கீழே வைத்துவிட்டுத் தோவாளைக்குப் போங்கள்

"எங்கேயிருந்துக்கா டிசைன் எடுக்கிய?" தையல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே விரல் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதில் பிளவுஸ் கழுத்து, கைப்பை, குஞ்சம், குழந்தை கவுன் என்று முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க ஆசை வரும், மிஷினில் உட்கார்ந்தால் கை ஓடாது. யோசனை வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு யோசனை கூடிப்போனதுதான் கோளாறு.

போன் படமே ஆகாது என்று சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறேன். ஆனால் அதில் தெரிவது முடிந்த வேலை மட்டும்தான். உள்ளே லைனிங் என்ன, விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்தார்களா, துணியை நேராக வெட்டினார்களா மூலைவாக்கில் கிராஸாக வெட்டினார்களா என்பதெல்லாம் படத்தில் வராது. உடுப்பு மாட்டிய பொம்மையின் முதுகில் குண்டூசி குத்தி இறுக்கியிருப்பதும் வராது.

இப்போது ஏஐ வரைந்து தள்ளும் படங்கள் வேறு சேர்ந்துகொண்டன. கல்யாண சீசனில் ஒரு பெண் வந்து, "இதே மாதிரி தச்சுத் தருவியளா?" என்று ஒரு படத்தை நீட்டினார். முதுகு முழுக்க மயில், தொண்டையை ஒட்டி நிற்கும் கழுத்து. ஊக்கு இல்லை, ஜிப் இல்லை, பக்கத்திலும் திறப்பு இல்லை. தலை எப்படி உள்ளே போகும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தோகையில் ஓடும் ஜரிகை நூல் பாதியிலேயே துணியோடு கரைந்துபோகிறது. அப்படியொரு தையல் உலகத்தில் கிடையாது. ஆகவே யார் படம் கொண்டுவந்தாலும் பெரிதாக்கிப் பாருங்கள். தையல் எங்கே ஓடுகிறது, எந்தப் பக்கம் திறக்கிறது, மடிப்புக்குள் போன பார்டர் மறுபக்கம் அதே டிசைனாக வெளியே வருகிறதா? இதற்கெல்லாம் பதில் சொல்லாத படத்துக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

சரி, வேறு எங்கே பார்ப்பது? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். பார்க்கிற பொருளை அப்படியே துணியில் இறக்க நினைக்காமல், அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறமோ, மடிப்போ, முடிச்சோ, வரிசையோ, ஏதாவது ஒன்று போதும்.

தோவாளை மாணிக்க மாலையைப் பாருங்கள். 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய மாலை. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து மடித்துப் பட்டையாகக் கட்டுகிறார்கள், கல் பதித்த நகை மாதிரித் தெரிகிறது. இதைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் துணியில் அரளிப்பூ வரையப் போவார்கள். வேண்டாம். அங்கே எடுக்க வேண்டியது மடிப்பை.

சிவப்பு, வெள்ளை, பச்சைப் பாப்ளின் கட் பீஸில் இரண்டரை அங்குலச் சதுரங்கள் வெட்டுங்கள். குறுக்காக ஒருமுறை மடித்து, மறுபடி ஒருமுறை மடித்து, அயர்ன் பண்ணுங்கள். அடிப்பக்கம் இரண்டரை, உயரம் ஒன்றேகால் அங்குலத்தில் ஒரு முக்கோணம் வரும். வெட்டிய விளிம்பெல்லாம் அடிப்பக்கத்தில் ஒதுங்கிவிடும். நுனி கீழே பார்க்க, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி ஒரு பையின் மேல் வரிசையாக வைத்துத் தையுங்கள். பத்து அங்குல அகலப் பைக்கு ஒரு வரிசைக்கு ஏழு முக்கோணம் பிடிக்கும். கீழ் வரிசையில் தொடங்கி மேலே போனால், முந்தைய வரிசையின் விளிம்பை அடுத்த வரிசை மூடும். கடைசி வரிசைக்கு மேல் ஒரு பைப்பிங். முக்கோணம் ஏறும் இடத்தில் துணி எட்டு அடுக்காகிவிடும், அதனால் தடித்த 16-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மூன்று நிறத்தையும் எப்படி அடுக்குவது என்பதை மாலையைத் தள்ளி நின்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிவப்புத் துணியை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். சாயம் சரியாக ஏறாத துணியை உப்பு காப்பாற்றாது.

குளச்சலிலும் முட்டத்திலும் கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்கிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். வலைக் கண்ணியின் நாலு மூலையிலும் முடிச்சு. நீளவாக்கில் இழுத்தால் கண்ணி மூடும், விட்டால் திறக்கும். குழந்தை கவுனில் துணியைச் சுருக்கிப் போடுகிற தேன்கூட்டு ஸ்மாக்கிங் தையலும் இதே கணக்குதான். அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்து, ஒரு வரிசையில் ஒன்றாம் புள்ளியையும் இரண்டாம் புள்ளியையும், அடுத்த வரிசையில் இரண்டையும் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிறோம். பிள்ளை வளரும்போது மார்புப் பகுதி விரிந்து கொடுப்பது அதனால்தான். துணி மட்டும் முடிந்த அகலத்தைப் போல மூன்று மடங்கு வேண்டும். அதைச் சொல்லாமல் ரேட் பேசிவிடாதீர்கள்.

நிறத்துக்கு மணவாளக்குறிச்சி கடற்கரை மணல் போதும். கறுப்பும் செம்மண் சிவப்பும் வரிவரியாகப் படிந்து கிடக்கும். அந்த வரிகளில் எது தடிமன், எது மெலிசு என்று குறித்துக்கொண்டால் ஒரு துப்பட்டாவுக்கு ஆச்சு.

வெளியூர் வேலையைப் பார்க்கவே கூடாதா என்றால், பார்க்கலாம். நாகர்கோவில் லேஸே கடல் தாண்டி வந்ததுதானே. 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் இங்கே பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். திண்டில் குண்டூசி குத்தி, பாபின் நூல்களை மாற்றி மாற்றி முறுக்குகிற வேலை. லேஸ் விற்ற காசில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. அவர்களுக்கு வந்து சேர்ந்தது கையால் செய்யும் முறை. நமக்குப் போனில் வருவது படம் மட்டும்.

டிசைன் நோட்டு வைத்திருக்கிறவர்கள் அதில் படம் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, உள்ளங்கை அளவுத் துணியில் தைத்துப் பார்த்ததைக் குத்தி வையுங்கள். பக்கத்தில் என்ன நூல், எத்தனை அங்குலம், எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் விலை சொல்லவும் அது உதவும். ஒன்றுமே தோன்றாத நாளில் கடைக்குப் போய்ப் புதுத் துணி வாங்காதீர்கள். மிச்சத் துணி மூட்டையைக் கொட்டி, மூன்றே நிறம் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கையில் இருப்பது குறையக் குறைய மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும், இது என் அனுபவம்.

விற்பனைக்குத் தைக்கிறவர்கள் கார்ட்டூன் பொம்மைகளைக் கவுனில் போட்டு விற்பதை விட்டுவிடுவது நல்லது. அந்த உருவங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பொம்மை மட்டுமல்ல, 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி பதிவுசெய்த டிசைனுக்குப் பத்து வருடப் பாதுகாப்பு, அதற்குமேல் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். பக்கத்து டெய்லரின் டிசைன் பதிவாகாமல் இருக்கலாம்தான், ஆனால் ஊருக்குள் முகத்தில் முழிக்க வேண்டுமே.

பூ டிசைன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் தக்கலையில் பஸ் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக் கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். தொண்ணூறையும் பார்க்கத் தொடங்கினால் கழுத்து வலிதான் மிஞ்சும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு இதழை எண்ணுங்கள். எட்டு இதழ் என்றால் வட்டக் காகிதத்தை மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டுப் பங்கு கிடைக்கும், ஆறு இதழுக்குக் காம்பஸ் வேண்டும். திங்கட்கிழமை போகாதீர்கள், அரண்மனைக்கு விடுமுறை.