ஒரு கோடு சிக்னலில் செய்தி எப்படி வந்து சேர்கிறது?

குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால், நீலகிரியில் இருப்பவர்களுக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்றுதான். பாதை திறந்திருக்கிறதா, இல்லை வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகிறார்களா? கோவை மருத்துவமனைக்குக் கிளம்பியவர், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றியவர் என எல்லாரும் போனைத்தான் எடுக்கிறார்கள். ஒரு ஊடக நிறுவனத்தின் இணையதளம் நல்லதா என்பதை இந்த நேரத்தில், இந்த மலையில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை என்று நான் நினைக்கிறேன். நகரத்து வைஃபையில் எல்லாத் தளமும் ஒன்றுபோலத்தான் திறக்கும்.

மலையில் நெட் ஏன் இழுக்கிறது? டவரிலிருந்து வரும் அலையை மலைமுகடு மறைக்கிறது. அதிர்வெண் கூடக் கூட, அலை வளைந்து மறுபக்கம் போவது குறையும். அதனால் பள்ளத்தில் இருக்கும் வீடுகள் சிக்னலின் நிழலில் கிடக்கின்றன. சிக்னல் பலவீனமானால், பிழையில்லாமல் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகப் போனும் டவரும் ஒவ்வொரு தடவையும் குறைவான தகவலையே அனுப்பும். தொலைந்ததைத் திரும்பவும் அனுப்பும். வேகம் குறைவதோடு, ஒரு கேள்வி போய்ப் பதில் வரும் நேரமும் நீளும். இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிய தொல்லை.

ஒரு தளத்தைத் தொட்டதும், போன் முதலில் அதன் பெயருக்கான எண் முகவரியைக் கேட்டு வாங்குகிறது. பிறகு சர்வரோடு இணைப்பு. அப்புறம், தகவலை வேறு யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்புவதற்கான சாவிப் பரிமாற்றம். அதற்குப் பின்னால்தான் ‘பக்கத்தைக் கொடு’ என்ற கோரிக்கை. ஆக நான்கு முறை போய்வர வேண்டும். ஒரு சுற்றுக்கு 300 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், முதல் எழுத்து வருவதற்கே 1.2 நொடி போய்விடும். அதுவும் ஒரே ஒரு சர்வருக்கு. படம் ஓரிடம், எழுத்துரு ஓரிடம், விளம்பரம் பத்து இடம் என்று சிதறியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் இதே கதை மறுபடி தொடங்கும்.

இணைப்பு கிடைத்ததும் தகவல் கொட்டிவிடாது. எதிரே பாதை எப்படி இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாது. பனிமூட்டத்தில் மலையிறங்கும் ஓட்டுநர் போலத்தான் அது நடந்துகொள்கிறது: மெல்லத் தொடங்கி, தடை இல்லை என்று தெரியத் தெரிய வேகம் கூட்டும், சந்தேகம் வந்ததும் பிரேக் போடும். தகவலைச் சிறு சிறு துண்டுகளாக, பொட்டலங்களாகப் பிரித்துத்தான் அனுப்புவார்கள். முதல் தவணையில் பொதுவாக 10 பொட்டலங்கள், அதாவது சுமார் 14 கிலோபைட். அது சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தால் அடுத்தது 28, பிறகு 56. நடுவில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும், வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். பல சமயம் தொலைந்ததற்குக் காரணம் நெரிசலே இல்லை, மலை மறைத்த சிக்னல்தான்.

அதனால் முதல் 14 கிலோபைட்டில் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைப்பு, நேரம், முதல் இரண்டு பத்தி இவை அதற்குள் அடங்கிவிட்டால், பக்கத்தின் மீதி வராவிட்டாலும் ஆளுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

அடங்குமா? தமிழுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்துகளைக் கணினிக்கான எண்களாக மாற்றும் யூட்டிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘கோத்தகிரி’ என்பதற்கு 27 பைட் வேண்டும். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். இரண்டாவது, இரண்டே இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் ஜிஜிப், பிராட்லி போன்ற சுருக்கு முறைகளின் வேலை என்பதால், தமிழ்ப் பக்கம் அருமையாகச் சுருங்கும். சர்வரில் அந்தச் சுருக்கத்தை இயக்கிவைத்தால் ஒரு முழுச் செய்தியின் எழுத்து, 14 கிலோபைட்டுக்குள் தாராளமாக அடங்கும். அதை மறந்துவிட்ட தளங்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எழுத்து வந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு. தளம் தனக்கென ஒரு அழகான எழுத்துரு வைத்திருந்தால், அது இறங்கும்வரை பல உலாவிகள் (பிரௌசர்கள்) 3 நொடிவரை வெற்றிடத்தைக் காட்டும். போனிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது. முதலில் அதில் காட்டு, பிறகு மாற்றிக்கொள் என்று உலாவிக்குச் சொல்ல ஒரே வரி போதும்.

படங்களுக்கு வருவோம். நிருபர் போனில் எடுத்த மண்சரிவுப் படம் 3, 4 மெகாபைட் இருக்கும். வாசகர் திரையின் அகலமோ ஆயிரம் புள்ளிகளைச் சுற்றித்தான். அந்த அளவுக்குக் குறைத்து, வெப்பி என்ற சிறிதாகச் சுருங்கும் பட வடிவில் கொடுத்தால் நூற்றுச்சொச்சம் கிலோபைட்டில் முடியும். படத்தின் நீள அகலத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே ஓடும். விளம்பரத்திலும் இதே கோளாறுதான். செய்தியைத் தொடப் போன விரல் விளம்பரத்தைத் தொட்டுவிடும். கூகுள் 2020-இல் அறிவித்த அளவுகோல்களில் இந்தத் துள்ளலுக்கே தனி மதிப்பெண் இருக்கிறது. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிருபருக்குச் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று விளம்பர நிரல்கள் பல சர்வர்களிடம் ஏலம் கேட்டு முடிக்கும்வரை செய்தியைப் பிடித்துவைப்பது நியாயமில்லை. அந்த நிரல்களை இறக்கி, பிரித்து, இயக்குவது போனின் வேலை. விலை குறைந்த போனில் அதற்கே பல நொடி ஆகும். எழுத்து திரைக்கு வந்த பிறகு, தனக்கென்று ஒதுக்கிய கட்டத்துக்குள் விளம்பரம் வரட்டும்.

மழை நாளில் எல்லாரும் ஒரே பக்கத்தைத்தான் திறப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தரவுத்தளத்தில் தேடிப் புதிதாகப் பக்கம் கட்டிக்கொடுத்தால் சர்வர் படுத்துவிடும். ஆகவே கட்டிய பக்கத்தின் நகலைச் சென்னை போன்ற நகரங்களில் இருக்கும் சர்வர்களில் வைத்துவிடுகிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். அமெரிக்காவுக்குப் போய்வர 140 மில்லிநொடியாவது ஆகும், சென்னைக்குச் சில மில்லிநொடிதான்.

நகலில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாதை திறந்த பிறகும் பழைய நகல் ‘மூடப்பட்டது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். படத்தின் நகலை ஒரு வருடம்கூட வைத்திருக்கலாம். சாலைச் செய்தியின் நகலுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயுள் தரக் கூடாது. அதோடு, கடைசியாகத் திருத்திய நேரம் தலைப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட பழைய செய்தி ஒன்று அடுத்த மழையில் வாட்ஸ்அப்பில் ‘இன்று’ என்று சுற்றினால் ஊரே பதறும். சுட்டியைப் பகிரும்போது தெரியும் சிறு அட்டையில் தலைப்பும் படமும் தளம் கொடுப்பதுதான். அந்தத் தலைப்பிலேயே ஆண்டைச் சேர்த்துவிட்டால், பக்கத்தைத் திறக்காதவருக்கும் அது பழையது என்று தெரிந்துவிடும்.