ரிப்பேரியன்: ரிப்பேருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டம். தோட்டின் கரை இடிவதைப் பற்றிப் பேச வந்தவர் 'ரிப்பேரியன் பஃபர்' என்று நாலைந்து முறை சொல்லிவிட்டார். என் பக்கத்தில் இருந்த மாமா காதோரம் குனிந்து, "இடிஞ்ச கரைய ரிப்பேர் பண்ணுகதையா மக்கா சொல்லுகாரு?" என்று கேட்டார். (நம்மூரில் தோடு என்றால் காதில் போடுவது மட்டுமல்ல, சிற்றாறும்தான்.)

மாமா நினைத்ததில் தப்பில்லை, காதில் அப்படித்தான் விழும். அவர் சொன்னது, கரையைக் காக்க ஆற்றோரம் விட்டுவைக்கும் மரஞ்செடிப் பட்டையை. ஆனால் ரிப்பேர் வேறு குடும்பத்துச் சொல். ரிப்பேரியனுக்கு வேர், லத்தீன் மொழியின் 'ரீப்பா'. பொருள், ஆற்றங்கரை. ஆங்கிலத்தின் 'ரிவர்' கூட இந்த ரீப்பாவின் வழிவந்ததுதான். கரையைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக வந்து சேர்வதற்குள் ஆற்றுக்கே பெயராகிவிட்டது. வந்து சேர்வதைச் சொல்லும் 'அரைவ்' என்பதும் முதலில் கரையை அடைவதைத்தான் குறித்தது. நாம் 'கரை சேர்ந்தான்' என்கிறோமே, அதே நினைப்பு.

தமிழில் என்ன சொல்வது? காவிரி வழக்குச் செய்திகளில் இதே சொல் வரும்போது 'கீழ்மடை மாநிலம்' என்று எழுதுகிறார்கள். அங்கே பேச்சு தண்ணீர் உரிமையைப் பற்றியது, அதனால் பொருந்துகிறது. மண்ணையும் மரத்தையும் பேசும் இடத்தில் மடைக்கு வேலையில்லை. 'கரையோரம்' என்றால் நம் மாவட்டத்தில் கடல்தான் முதலில் நினைவுக்கு வரும். 'படுகை' நல்ல சொல், வண்டல் படியும் தாழ்நிலம். ஆனால் 'காவிரிப் படுகை' என்று மொத்த ஆற்றுப்பரப்புக்கும் அதைக் கொடுத்தாகிவிட்டது. எனக்குப் பிடித்தது 'அடைகரை'. சங்கப் பாட்டுகளில் அடிக்கடி வரும் சொல். அதில் வரும் 'அடை'யில், நீரும் மணலும் வந்து சேரும் இடம் என்ற பொருள் கேட்கிறது. ரிப்பேரியன் என்பதும் ஒரு கோடு அல்ல, பாதி ஈரமும் பாதி உலர்வுமாக ஆற்றோடு கூடவே போகும் நிலப்பட்டை.

அந்தப் பட்டை கரையை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது? மாமாவின் ரப்பர் தோட்டத்துக்குக் கீழே பார்த்தால் தெரியும். தோடு வளைந்து திரும்பும் இடத்தில் பத்தடி நீளத்துக்குக் கைதை நிற்கிறது (கைதச்சக்கைக்கு, அதாவது அன்னாசிக்கு, பெயர் தந்த அதே கைதை; தாழை என்றும் சொல்வோம்). தண்டிலிருந்து விரல் தடிமனில் முட்டுவேர்கள் சாய்வாக இறங்கி மண்ணில் ஊன்றியிருக்கின்றன. வெள்ளத்தில் வரும் சருகும் மணலும் அந்த வேர்ச்சந்துகளில் சிக்கித் தங்கிவிடும். கைதை முடிந்து ரப்பர் வரிசை தொடங்கும் இடத்தில் கரை செங்குத்தாக அரிந்து, இரண்டு மரத்தின் வேர் அந்தரத்தில் தொங்குகிறது.

புல்லின் வேர் சல்லடை மாதிரி மேல்மண்ணைப் பிடிக்கும், மரத்தின் வேர் ஆழத்தில் ஆணி அடிக்கும். நீர்மருது மாதிரியான மரம் மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. இது முக்கியம். ஏனென்றால் கரை பெரும்பாலும் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது சரிவதில்லை, வடியும்போதுதான் சரிகிறது. நனைந்து கனத்த மண்ணுக்கு அதுவரை முட்டுக் கொடுத்திருந்த தண்ணீர் இறங்கிவிடுகிறதல்லவா!

மலை ஓடையில் பாதி வேலையைப் பாறை பார்த்துக்கொள்கிறது. உருண்டைப் பாறைகள் படிபடியாக அடைந்து, ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு கயம் (ஆழமான நீர்க்குழி) உண்டாகும். விழும் நீரின் வேகம் அந்தக் கயத்திலேயே செலவாகிவிடும். திற்பரப்பு அருவிப் பக்கம் ஆற்றடியே விரிந்த பாறைதான், அங்கே நீர் எளிதில் அரிக்க முடியாது. கோதையாறும் பரளியாறும் கூடும் மூவாற்றுமுகத்துக்குக் கீழே மண்கரை வருகிற இடங்களில் பாறைக்குப் பதில் மரந்தான் நிற்க வேண்டும். சைடு வால், அதாவது பக்கச்சுவர், கட்டலாம், சரி. ஆனால் வழவழப்பான சுவரில் தண்ணீர் வேகம் குறையாமல் ஓடி, சுவர் முடிகிற இடத்தில் அடுத்தவர் நிலத்தைப் போய் இடிக்கும்.

அப்புறம் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில், பாறை இடுக்கில் வேரூன்றி, வெள்ளத்துக்கு வளைந்து கொடுத்து நிமிரும் ஒரு குத்துச்செடி உண்டு. மலையாளத்தில் ஆற்றுவஞ்சி. தாவரவியலில் அதன் பெயர் ஹோமோனோயா ரிப்பேரியா.