ரேகை விழாத விரல்கள்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை, நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் வைத்த சிமிழைக் கழுத்தில் தொங்கும் சிறு பையில் வைத்துக்கொண்டு கிளம்புவேன். கோயிலுக்கு நடந்து வர முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வீடு தேடிப்போய் நற்கருணை கொடுப்பது, குருவுக்கு அடுத்த நிலையில் பணி செய்யும் என்னைப் போன்ற திருத்தொண்டரின் கடமைகளில் ஒன்று. திருவாரூர் மாவட்டத்தின் உட்பகுதியில் இருக்கும் இந்தப் பங்குக்கு வந்தபோது, பங்குத்தந்தை ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். அதில் பத்தொன்பது வீடுகள்.

வாய்க்கால் கரையில் கடைசி வீடு ஒரு பாட்டியுடையது. எழுபது வயதைத் தாண்டியவர். கணவர் இறந்து வெகுநாள் ஆகிறது. ஒரே மகன் திருப்பூரில். மூன்று மாதம் போனேன். செபம் சொன்னேன், நற்கருணை கொடுத்தேன், நெற்றியில் சிலுவை வரைந்தேன், அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டேன். நான்காவது மாதம், நான் எழுந்திருக்கும்போது அவர் சொன்னார்: "சாமி, எனக்கு ரேகை விழவில்லை."

எனக்கு விளங்கவில்லை. அவர் கையை விரித்துக் காட்டினார். வலது பெருவிரலின் நுனி, கைமாறிக் கைமாறித் தேய்ந்த பழைய நாணயம்போல வழவழவென்று இருந்தது. உற்றுப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை. பன்னிரண்டு வயதில் நடவுக்கு இறங்கியவர். நாற்றைப் பிரித்தெடுத்துச் சேற்றில் ஊன்றுவது பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான். குறுவை, சம்பா, தாளடி என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த விரல்கள் சேற்றுக்குள் போய் வந்திருக்கின்றன. ரேஷன் கடையின் இயந்திரம் அவற்றை அடையாளம் காணவில்லை. "நாளைக்கு வாருங்கள்" என்றார்களாம். இரண்டு முறை நடந்துவிட்டு நிறுத்திவிட்டார். இரண்டு மாதமாக அரிசி இல்லை. அக்கம்பக்கத்தார் கொடுத்ததில் ஒரு வேளை உணவு. அந்த இரண்டு மாதங்களிலும் நான் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன், அவர் நாவில் அப்பத்தை வைத்திருக்கிறேன். அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தேன். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த பகுதி. எருசலேமில் தொடக்கத் திருச்சபை நாள்தோறும் உணவு பகிர்ந்தது. அதில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப்போகிறார்கள். முணுமுணுப்பு எழுகிறது. அதைக் கேட்டுத்தான் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திருச்சபை மரபு திருத்தொண்டர் பணியின் தொடக்கத்தை இந்த எழுவரிடம்தான் காண்கிறது. ஒரு பங்கீட்டில் சில கைம்பெண்கள் விடுபட்டதிலிருந்து பிறந்த பணி இது.

தமிழின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு அந்த வேலைக்கு 'பந்தி விசாரணை' என்று பெயர் வைத்திருக்கிறது. தஞ்சைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பரிமாறுகிறவர்கள் வாளியோடு வேகமாகப் போய்விடுவார்கள். விசாரிக்கிறவர் பின்னாலேயே மெல்ல நடப்பார். அவர் பார்ப்பது இலைகளை. எந்த இலையில் சோறு விழவில்லை, யார் கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறார், கடைசி வரிசைக்குச் சாம்பார் போனதா என்று கவனிப்பார். திருப்பலி நிறைவேற்றவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ திருத்தொண்டரால் முடியாது. நற்செய்தி வாசிக்கலாம், திருமுழுக்குக் கொடுக்கலாம், திருமணத்தை ஆசீர்வதிக்கலாம், அடக்கச் சடங்கு நடத்தலாம். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்த எனக்கு, விசாரிக்கிறவரின் கண் வாய்க்கவில்லை.

நற்செய்தியில் இயேசு மக்கள்மீது பரிவு கொண்டார் என்று வரும் இடங்களில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல், குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் வீடுகளில் 'வயிற்றைப் பிசைகிறது' என்கிறோமே, அதற்கு மிக நெருக்கமானது. பரிவு மனத்தோடு நின்றுவிடுவதில்லை. அடுத்தவர் பசி நம் வயிற்றில் தெரிய வேண்டும். அந்தப் பாட்டியின் விரலைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். இந்த நிலையில் இருப்பவர்கள் டெல்டாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக ரேஷன் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கருவிழிப் பதிவு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை உள்ளவர்களுக்கு அதுவும் சில நேரம் தடுமாறும். அட்டையோடு இணைத்த கைபேசிக்கு ஒருமுறை கடவுச்சொல் (ஓடிபி) வரும் வழியும் உண்டு. பாட்டியின் அட்டையில் இருந்தது மகனின் பழைய எண். அது செயலிழந்து வெகுநாளாகியிருந்தது. வீட்டில் முதியவர் இருந்தால் அந்த எண்ணை இன்றே சரிபாருங்கள். கடைக்கு நடக்கவே முடியாதவர்கள், தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. திருச்சி மலைக்கோட்டையில், பிரசவத்துக்குத் தாய் வந்துசேராத பெண்ணுக்குத் தாயாக வந்த இறைவனின் பெயர் அது. காவிரிக் கரைக்காரர்களுக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். ஆதரவற்ற முதியவர்களுக்கு மாத ஓய்வூதியம் உண்டு, 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது; இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். குழப்பமாக இருந்தால் 14567 என்ற இலவச எண்ணில் முதியோர் உதவி மையம் வழி சொல்லும்.

ஒரு வேண்டுகோள். தகவலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், கூடப் போங்கள். நான் கூடப் போன அன்று, அதே கடையில், அதே ஊழியர் கருவிழிக் கருவியை எடுத்து வைத்தார். ஐந்து நிமிட வேலை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது எந்த ஊழியரும் இயந்திரம் சொல்வதைத்தான் கேட்பார். தனியாக வரும் முதியவரின் குரல் அந்த வரிசையில் எழுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்த மண்ணில் உழைத்த கைக்கும் உண்ட வாய்க்கும் இடையிலான கணக்கு பழையது. கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாள் இரவு. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட மக்கள். கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் முதல் திருத்தொண்டரும் முதல் மறைசாட்சியுமான புனித ஸ்தேவானின் நாள். 2004-இல் அதே டிசம்பர் 26 காலையில்தான் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இங்கே திருத்தொண்டராக இருப்பவன் இந்த இரண்டு தேதிகளையும் கடக்காமல் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கடக்க முடியாது. குடிலில் வைக்கோல் பரப்பும்போது, அந்த வைக்கோல் யார் அறுத்த கதிர் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருச்சபைக்குள்ளும் சொல்ல வேண்டியது இருக்கிறது. திருவிழாச் சப்பரம் எந்தத் தெருவில் திரும்புகிறது, எந்தத் தெருமுனையோடு நின்றுவிடுகிறது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதெல்லாம் இன்னும் சாதி பார்த்து நடக்கும் ஊர்கள் தமிழகத்தில் உண்டு. ஒரே அப்பத்தைப் பகிர்ந்துவிட்டுத் தனித்தனியாகப் புதைப்பதை எந்த இறையியலாலும் நியாயப்படுத்த முடியாது. 258-இல் உரோமைத் திருத்தொண்டர் புனித லாரன்ஸிடம் அதிகாரிகள் திருச்சபையின் செல்வத்தைக் கேட்டபோது அவர் ஏழைகளைக் கூட்டிவந்து நிறுத்தினார் என்கிறது மரபு. இன்று கேட்டால் எந்தத் தெருவுக்குப் போய் அவர்களை அழைத்து வருவோம், அந்தத் தெரு நமக்குப் பழக்கமா என்பதுதான் என் கேள்வி.

போன முதல் வெள்ளி, பாட்டி வீட்டு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. செபம் முடிந்ததும் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "பின்வீட்டுக்காரியும் தனிக்கட்டைதான் சாமி. அவள் வேதக்காரி இல்லை, இதில் இருக்க மாட்டாள்" என்றார். வேலியைத் தாண்டிப் போனோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, பாட்டி அவருடைய வலது கையைப் பிடித்துப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார்.