சுண்டுவிரலைத் தொட முடியாத வேட்டைக்காரர்

கனடாவின் வட ஒன்டாரியோவில் ஒரு சிறு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, அக்டோபர் பிறந்துவிட்டாலே மூஸ் என்னும் பெரிய மான் வகையின் வேட்டைக்காரர்களின் வருகையும் தொடங்கிவிடும். குண்டடிபட்டு வருபவர்கள் அரிது. நனைந்து விறைத்தவர்கள், இறைச்சி அறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டவர்கள், சுமையை இழுத்து நெஞ்சுவலி கண்டவர்கள் ஆகியோரே அதிகம். சில ஆண்டுகளுக்கு முன், உடன் பணியாற்றும் செவிலியர் ஒருவரின் குடும்பத்தினர் அழைத்ததால், ஐந்து நாள் வேட்டை முகாமுக்கு நானும் சென்றேன். துப்பாக்கியைத் தொடவில்லை, சுமை மட்டும் தூக்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் செவிலியரின் மாமனார் ஓர் ஆண் மூஸைச் சுட்டு வீழ்த்தினார். நன்கு வளர்ந்த ஆண் மூஸ் 500 கிலோவைத் தொடக்கூடியது என்பதால், அதை விழுந்த இடத்திலேயே தோலுரித்துக் கூறுபோட்டுத்தான் சுமந்து வர வேண்டும். வெப்பநிலை 2 பாகை செல்சியஸ். விழுந்தவுடன் உருகும் ஈரப்பனி. சதுப்பில் மண்டியிட்டு நான்கு மணி நேரம் உழைத்த அந்த அறுபது வயதுக்காரர், விலையுயர்ந்த மேலங்கிக்குள் பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் அணிந்திருந்தார். முதலில் வியர்வையில் நனைந்தார், பிறகு வேலை ஓய்ந்ததும் அந்த ஈரமே அவர் உடலின் சூட்டை உறிஞ்சத் தொடங்கியது.

எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்; மேலங்கியின் ஜிப்பை மூன்று முறை தவறவிட்டார். கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடச் சொன்னேன். தொட முடியவில்லை; குளிரில் விரல்கள் அவர் சொல்படி கேட்கவில்லை. "எனக்கொன்றும் குளிரவில்லையே, டாக்டர்" என்றார். நடுக்கம் இருந்தது, நினைவு இருந்தது என்பதே எனக்கு ஆறுதல். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே சென்றபின், நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் சூடேறாமலே நின்றுபோவதுதான் அஞ்ச வேண்டிய அறிகுறி. ஈர உடைகளைக் களைந்து, தரைக்குளிர் ஏறாதபடி மெத்தைப் பாய் விரித்து, உறக்கப் பைக்குள் படுக்க வைத்து, காற்றுப் புகாத தார்ப்பாயால் சுற்றினோம். கோப்பையைத் தானே பிடிக்க முடிந்த பிறகு சர்க்கரை மிகுந்த சூடான பானம் கொடுத்தோம். உடனே எழுந்து நடக்கவும் விடவில்லை. ஒருவர் அன்போடு நீட்டிய விஸ்கியை நான் தடுத்தேன். மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, சூடேறுவதுபோன்ற உணர்வைத் தந்தபடியே உள்வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

வறண்ட -20 பாகைக் குளிருக்கு எல்லோரும் ஆயத்தமாக வருகிறார்கள். பூச்சியத்தை ஒட்டிய ஈரக் குளிரை யாரும் மதிப்பதில்லை. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவது. ஈரமான பருத்தி அந்த நீரைத் தோலோடு ஒட்டியே வைத்திருக்கும். எனவே தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ செயற்கை இழை உள்ளாடையோ, அதன்மேல் ஃபிளீஸ் என்னும் மென்மயிர்ச் செயற்கைத் துணி, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன். நடக்கத் தொடங்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, உட்காரும் இடத்துக்குச் சேர்ந்த பின் அணிவது இன்னும் முக்கியம். வாத்திறகு மேலங்கி, நனையாத வரை அருமையானது.

காலணிக்குள் இரண்டு மூன்று காலுறைகளைத் திணிப்பவர்கள் இரத்த ஓட்டத்தைத் தாங்களே நெரிக்கிறார்கள். தடித்த கம்பளிக் காலுறை ஒன்றும், விரல்கள் அசையும் அளவுக்குத் தளர்ந்த காலணியும் போதும். -20 பாகையில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் வீசினால் -33 போல் உறைக்கும். மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். பனிக்கடி கண்ட இடத்தைப் பனியால் தேய்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பது வருத்தத்துக்குரியது. மீண்டும் உறைய வாய்ப்புள்ள இடத்தில் அதை உருக்கவே கூடாது. பாதுகாப்பான இடம் சேர்ந்த பின் 37 முதல் 39 பாகை வெந்நீரில் வைக்கலாம்.

துப்பாக்கியைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அதே மாமனார். மிகுதியாக இட்ட எண்ணெய் கடுங்குளிரில் கெட்டிப்பட்டு, சுடும் ஊசியின் வேகத்தைக் குறைத்துவிடுமாம். குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் உலோகத்தில் நீர் படியும், வெளியே எடுத்துச் சென்றதும் அது உறையும். அவர் குண்டுகளை அகற்றி, உறையிலிட்டு, பூட்டி, குளிரிலேயே வைப்பார். இங்கே துப்பாக்கி வேட்டைக் காலத்தில் இடுப்புக்குமேல் 400 சதுர அங்குலமாவது ஆரஞ்சு நிறம் எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும் என்பது சட்டம். முதுகுச் சுமை அதை மறைத்துவிடுவதால், இறைச்சிப் பையின் மேலும் கொம்பின் மேலும் ஆரஞ்சுத் துணி கட்டுவார்.

ஆனால் அவ்வளவு கவனமுள்ளவர்கள்கூட, வாயில் முழுவதையும் மூடிய கூடாரத்துக்குள் புரோபேன் ஹீட்டரை எரியவிட்டே தூங்கினார்கள். அதிலிருந்து வெளிவரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது; காலையில் பலருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலியும் குமட்டலும் வந்தால், முந்தைய இரவின் மதுவைப் பழிக்கும் முன் எல்லோரும் வெளியேற வேண்டும். நான்காம் இரவு ஹீட்டரை அணைக்கச் சொல்லி நான் வாதாடி வென்றேன். முகாமில் ஒருவருக்கும் என்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. மறு ஆண்டு செவிலியர் அனுப்பிய முகாம் படத்தில், கூடாரக் கம்பத்தில் மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று தொங்கியது. அதற்குக் கீழே கொடியில் அரை டஜன் கம்பளி உள்ளாடைகள் காய்ந்துகொண்டிருந்தன.