'ஆல் பாஸ் பேட்ச்' என்று பிள்ளைகளைச் சொல்லாதீர்கள்

"இவ கொரோனா காலத்து ஆல் பாஸ் பேட்ச் சாரே, அதான் இன்டர்வியூல வாயே திறக்க மாட்டேங்கா" என்று சென்ற வாரம் ஒரு தந்தை, மகளை அருகில் வைத்துக்கொண்டே சொன்னார். நாகர்கோவிலில் மனநல ஆலோசகராகப் பணிபுரியும் நான் இந்தச் சொல்லைக் கேட்காத மாதமே இல்லை என்றாகிவிட்டதால், இனியும் பொறுக்க மாட்டாமல் எழுதுகிறேன்.

2020இல் தமிழகக் கல்லூரிகளில் இடைப்பட்ட பருவத் தேர்வுகள் ரத்தானதும், கட்டணம் கட்டியிருந்தவர்களின் அரியருக்குத் தேர்ச்சி அறிவிக்கப்பட்டதும் உண்மை. ஆனால் இறுதிப் பருவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இறுதித் தேர்வு இல்லாமல் பட்டம் கொடுக்க முடியாது என்று உச்சநீதிமன்றமும் அந்த ஆகஸ்ட் 28ஆம் தேதி சொல்லிவிட்டது. இந்தப் பெண்ணோ அறிவிப்புகளெல்லாம் வந்து முடிந்த பிறகு முதலாண்டில் சேர்ந்தவள். வீட்டிலிருந்து வெள்ளைத்தாளில் தேர்வெழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, சிக்னல் கிடைக்கும் பாறைவரை ஓடிப் பதிவேற்றித் தேறியவளை எந்தக் கணக்கில் ஆல் பாஸ் என்கிறீர்கள்?

அவளுடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். பேச்சிப்பாறைக்கு மேலே வீடு. ரப்பர் பால் வெட்டப் போன அப்பா திரும்பினால்தான் போன் கைக்கு வரும். அதற்குள் முதல் வகுப்பு முடிந்திருக்கும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது நல்ல காரியம்தான், ஆனால் டவர் எடுக்காத தோட்டத்தில் அந்த டேட்டாவை வைத்து அவள் என்ன செய்வாள்?

தன் பழைய நோட்டை என்னிடம் காட்டினாள். பாடம் அறுந்துபோன இடங்களில், பிறகு யாரிடமாவது கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நான்கு நான்கு வரிகளாகக் காலியாக விட்டிருந்தாள். முகம் பார்த்துப் பழகாத வகுப்புத் தோழியிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம். "சார், கேக்கல" என்று இரண்டு முறை சொன்னவளுக்கு மூன்றாவது முறை நா எழவில்லை. அந்த இடைவெளிகளையெல்லாம் தன் அறிவின் குறை என்றே இன்றுவரை நம்புகிறாள். அப்பாவின் வாயிலிருந்தும் அதே சொல் வரும்போது அந்த நம்பிக்கை உறுதிப்படுகிறது. கேமராவை அணைத்திருந்தவர்களெல்லாம் தூங்கியவர்கள் அல்லர். ஒழுகும் கூரையை மறைத்தவர்களும் அவர்களில் உண்டு.

பெற்றோரே, பிறர் முன்னால் அந்தச் சொல்லை எடுக்கவே எடுக்காதீர்கள். இன்டர்வியூவில் திணறும் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். வீட்டில் தினமும் பத்து நிமிடம் சத்தமாகப் பேசிப் பழகவிட்டு, நடுவில் திருத்தாமல் கேளுங்கள். ஆசிரியர்களை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: மழை விடுமுறையில் ஆன்லைன் வகுப்பு எடுத்தால், குரலைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் திரும்பச் சொல்லுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்; 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.